புள்ளியும் இல்லை, புண்ணும் இல்லை. மீன் ஏன் சாகிறது?

ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி அமைத்து மூன்று வாரம் ஆகிறது, நீர் மண்டபம் கரையில் பிடித்தது, கோமாளி மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கி, உடலில் எந்த அடையாளமும் இன்றி ஒவ்வொன்றாக இறக்கின்றன, விற்றவர் கொடுத்த நீல மருந்தை ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாத அந்த நீலம் மெத்திலீன் நீலமாக இருந்தால், உங்கள் வடிகட்டியில் இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மயில்துத்தமாக (செம்பு உப்பு) இருந்தால், அளவு சற்றே கூடினாலும் மீனுக்கு நஞ்சு, இறாலுக்கும் கடல்தாமரைக்கும் சிறிதளவே போதும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நீரில் தேங்கும் அம்மோனியாவும், அது மாறி வரும் நைட்ரைட்டும்தான் உங்கள் மீன்களைக் கொல்லக்கூடும். இந்தக் காத்திருப்பைச் சொன்னால் முதல் நாளே மீன் விற்க முடியாது என்பதால், விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆகவே முதலில் அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டியை, காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உவர்ப்பும் வெப்பமும் ஒத்த புதுநீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, காற்றுக்கல்லைக் கூட்டி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள்.

நீர் பிடிக்கும் இடமும் முக்கியம். தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் வடகடலிலும் (பாக் விரிகுடா), வடகிழக்கு வாடைக் காலத்தில் தென்கடலிலும் (மன்னார் வளைகுடா), படகுத்துறையை விட்டு விலகி, கலங்கலற்ற நீரைப் பிடியுங்கள். பெருமழைக்குப் பிறகு உவர்ப்பை அளக்காமல் ஊற்றாதீர்கள். 2019 செப்டம்பரில் இங்கே கடல் பச்சையாகி மீன்கள் கரை ஒதுங்கியதே, அதுபோலப் பூங்கோரை (கடலைப் பச்சையாக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கம்) படிந்த நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. இரண்டு சோதனையும் சுழியம் காட்டியும் மீன் வெளிச்சத்தை ஒதுக்கி, நீரோட்டத்தின் முன்னே நின்று வேகமாக மூச்சு வாங்கினால், அது அமைலூடினியம் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். இருட்டில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் தோலில் பொன்துகள் போலத் தெரியும். ஆனால் அது முதலில் பற்றுவது செவுளைத்தான்; எனவே துகள் தெரிவதற்கு முன்பே மீன் இறப்பதுண்டு, அடையாளம் இல்லை என்று நீங்கள் எழுதியதற்கு அதுவும் காரணமாகலாம். அப்போது மட்டும் செம்பு மருந்து, அதுவும் மணலும் கல்லும் இல்லாத தனித்தொட்டியில், செம்பின் அளவைச் சோதித்துக்கொண்டே. மூலத்தொட்டி ஆறு வாரமாவது மீனின்றி இருக்கட்டும். இறால் பண்ணைக்காரர் என்றால் மாதிரியை வாங்கிப் பார்க்க ஆள் இருக்கிறது. செத்த வண்ணமீன் ஒன்றைக் கையில் ஏந்திப் போகிறவருக்கு பெரும்பாலும் எந்த மேசையிலும் பதில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் நீலப் புட்டிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களுக்கு மீன் விற்ற அதே ஆள் ‘உயிர்க்கல்’ என்று பவளத்துண்டு கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மேலும் அதில் ஒட்டியிருக்கும் உயிர்கள் அழுகி அம்மோனியாவைத்தான் ஏற்றும். இனி மீன் வாங்கும்போது, மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி மையமே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கையில், கடலில் பிடித்ததைப் ‘பொரிப்பகக் குஞ்சு’ என்பவரை நம்பாமல், உங்கள் கண்ணெதிரே குருணைத் தீனி போடச் சொல்லுங்கள். உண்ணாத மீனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.