குளச்சல் உப்புக்காற்றும் விளம்பரப் பேனாக்கத்திகளும்

நண்பரே, அப்பா சேர்த்துவைத்த விளம்பரப் பேனாக்கத்திகளில் (நிறுவனங்கள் தங்கள் பெயரை அச்சிட்டுக் கொடுத்த சிறு மடக்குக் கத்திகள்) துரு ஏறுகிறது, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா என்று குளச்சலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள்! புளியின் அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் அரிக்கும். சாம்பல் கைப்பிடியில் அச்சிட்ட நிறுவனப் பெயரைச் சுரண்டிவிடும். அந்தப் பெயர் போனால் அது வெறும் கத்திதான். பெயிண்ட் கரைக்கும் தின்னரும் வேண்டாம்.

துருவின் மேல் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவைத்துப் பருத்தித் துணியால் துடையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள். நாளானால் காறல் வாடை வந்து பிசுபிசுக்கும்.

தோல் உறையிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். தோல் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி அலகோடு சேர்த்துவைத்துக்கொள்ளும். நாகர்கோவிலில் இருந்துகொண்டே நான் இரண்டு நல்ல கத்திகளை அப்படி இழந்தேன், இன்னும் மனம் ஆறவில்லை. இறுக்கமான டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நமது. பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.

முத்துச்சிப்பி போல மின்னும் பழைய கைப்பிடியில் கற்பூர வாடை வந்தால் அது பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அதை மட்டும் தனியே வையுங்கள். அது சிதையும்போது வரும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும்.

அலகின் அடியில் 'விக்டோரினாக்ஸ்' என்ற சுவிஸ் கத்தி நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பெயர் 1921-இல்தான் வந்தது, ஆகவே அது இருந்தால் கத்தி அதற்கு முந்தையதாக இருக்காது.