பணம் கட்டும் முன் பள்ளிக்கு ஒரு கடிதம்

கோவையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து ஒரு வருடம், மூன்றாம் வகுப்பு மகன் கணக்கில் கெட்டி, வாசிக்கத்தான் திணறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நியூரோசைக்காலஜி மதிப்பீடு, அதாவது பிள்ளையின் கவனம், நினைவாற்றல் போன்றவற்றை நிபுணர் சோதிக்கும் மதிப்பீடு, செய்யச் சொல்லி டீச்சர் சொன்னாராம். தனியார் நிபுணர் கேட்கும் பல ஆயிரம் டாலரை எப்படியாவது புரட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை அரசுப் பள்ளியில் படிப்பதால் முதலில் பள்ளியே செலவில்லாமல் மதிப்பீடு செய்யட்டும். 'ஐடியா' என்கிற மத்திய சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. விசா எதுவானாலும் அதற்குத் தடையில்லை. ஆனால் டீச்சரிடம் வாயால் சொன்னால் போதாது. "என் மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று தேதி போட்டு, பள்ளி முதல்வருக்கும், அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் 'பள்ளி மாவட்ட'த்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நியூஜெர்சியில் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள், மதிப்பீடு தேவையா என்று உங்களோடு பேசக் கூட்டம் போட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் அதில் சேராது, ஆனால் கோடை விடுமுறை சேரும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் உதவியும் தொடங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

"புது நாடு, புது மொழி, போகப்போகச் சரியாகிவிடும்" என்பார்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சரியாகிவிடும். ஆனால் உங்கள் மகன் கோவையிலும் தமிழ் எழுத்துக்கூட்டத் திணறினானா? அப்படியென்றால் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய நோட்டுகள் இருந்தால் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். தமிழிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் நியூரோசைக்காலஜி எதற்கு? பள்ளி பெரும்பாலும் 'உதவி தேவையா' என்றுதான் பார்க்கும். நியூரோசைக்காலஜிஸ்ட் கவனம், நினைவாற்றல், வேகம், மொழி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 'ஏன்' என்று சொல்வார். என் மகள் பழகிய சொற்களை மளமளவென்று படித்தாள். அர்த்தமே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்களை முன்னால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அதுவரை சொற்களின் உருவத்தை மனப்பாடம் செய்து சமாளித்திருக்கிறாள். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதுதான் அவளுக்குச் சிக்கல், அதாவது டிஸ்லெக்ஸியா. அது தெரிந்த பிறகுதான் சரியான வாசிப்புப் பயிற்சி கிடைத்தது. கவனம் சிதறுவதால் திணறும் பிள்ளைக்கு அதே பயிற்சி கொடுத்து என்ன பயன்?

பள்ளியின் முடிவு உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், பள்ளி மாவட்டத்தின் செலவிலேயே வெளி நிபுணரின் மதிப்பீடு கேட்கலாம். மாவட்டம் பணம் தர வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, வலிப்பு, தலையில் அடி மாதிரி மருத்துவக் காரணம் இருந்தால் கிடைக்க வாய்ப்புண்டு. படிப்புக்காக மட்டும் என்றால் பல பிளான்கள் தருவதில்லை.

ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. பள்ளி இந்த மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுவாக உங்கள் சம்மதமில்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. மகனிடம் மட்டும் ஒளிக்காதீர்கள், "நீ எப்படிப் படித்தால் சுலபமாக வரும் என்று பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். அவனுக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும். பள்ளியின் அறிக்கை, தகுதியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு 10 நாள் முன்பாவது உங்கள் கைக்கு வர வேண்டும். புரியாத வரிகளை அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.