கேட்டதும் சொன்னதும்

உலக அமைதிக்கு வழி வேதத்தில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இந்திரன் கோட்டைகளை உடைப்பதும் அதே வேதத்தில்தானே?
– வாசகர், திண்டுக்கல்

அதே வேதம்தான், மறைப்பானேன்! இன்று ராவி எனப்படும் பருஷ்ணி ஆற்றங்கரையில் பத்து அரசர்களைப் பரதர் குல அரசன் சுதாஸ் தோற்கடித்ததை ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலம் கொண்டாட்டமாகவே பாடுகிறது. சண்டையை அறியாத சாதுக்கள் பாடியதல்ல அது. அதனால்தான் அவர்கள் ஒற்றுமையை வேண்டும்போது நான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

மேடைப் பேச்சாளர்கள் சுக்ல யஜுர் வேதத்தின் 'த்யௌ: சாந்தி:' மந்திரத்தோடு இறங்கிவிடுவார்கள். வானம், பூமி, தண்ணீர், செடி, மரம் எல்லாம் சாந்தமாகட்டும் என்று விரியும் மந்திரம், அழகுதான். என் மனசு போவது அதர்வ வேதத்தின் மூன்றாம் காண்டம், முப்பதாவது சூக்தத்துக்கு, அதாவது பாடலுக்கு. அது வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது. உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டாம், மகன் தாயோடு மனம் ஒத்திருக்கட்டும், மனைவி கணவனிடம் தேனாகப் பேசட்டும். (கணவன் எப்படிப் பேச வேண்டும் என்று ரிஷி சொல்லவில்லை. விட்டுப்போயிற்று போலும்!) அப்புறம் வருகிறது அந்த வரி: 'ஸமானீ ப்ரபா, ஸஹ வோ அன்னபாக:'. உங்கள் தண்ணீர்ப் பந்தல் ஒன்றாக இருக்கட்டும், சோறும் பொதுவாக இருக்கட்டும்.

இதை ஓதிய நாட்டில், 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட பொதுக் குளத்தில் தண்ணீர் குடிக்க அம்பேத்கர் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்தது. குடித்தவர்களுக்கு அடியும் விழுந்தது. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களிடமும் இருக்காது.

ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'மைத்ரீம் பஜத' வேத மந்திரமா?
– வாசகி, கும்பகோணம்

இல்லையம்மா. 1966 அக்டோபரில் அவர் அங்கே பாடுவதற்காகக் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இயற்றிக் கொடுத்தது. போரை விடுங்கள், போட்டியை விடுங்கள் என்கிறது. அதிலே 'தாம்யத, தத்த, தயத்வம்' என்று வருகிறதே, அது மட்டும் பிருகதாரண்யக உபநிஷத்தின் சொத்து. படைப்புக் கடவுளான பிரஜாபதி தேவர்களைப் புலனடக்கச் சொன்னார், மனிதர்களைக் கொடுக்கச் சொன்னார், அசுரர்களை இரக்கம் காட்டச் சொன்னார். அடங்காத தேவரும் இரக்கமில்லாத அசுரரும் மனிதர்களுக்குள்ளேயே இருப்பதால் மூன்றும் நமக்கே என்று உரையில் சொல்லிவிட்டார் சங்கரர்.