தீக்காயப் பயிற்சியும் வி.ஆர். கண்ணாடியும்: கேள்வி பதில்

தீக்காயப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். பயிற்சியின்போது வலி குறைய நோயாளிக்கு மாட்டுகிற வி.ஆர். கண்ணாடி (விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட், கண்ணை மூடிக் கணினி உலகத்தைக் காட்டுவது) பற்றி வந்த கேள்விகள் இவை. என் துறைக்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கண்ணாடி மாட்டினால் வலி எப்படிக் குறையும்?

வலியை உணரவும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர்கள் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இதை வைத்துத்தான் ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்ற வி.ஆர். விளையாட்டை உருவாக்கினார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பென்குவின்கள் மேல் பனி உருண்டை எறியலாம். நெருப்பை நினைவூட்டும் எதுவும் அங்கே கிடையாது. 2004-ல், காலில் வலிக்கும் அளவு வெப்பம் கொடுக்கப்பட்ட ஆரோக்கியமானவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். வி.ஆர். ஓடும்போது, வலியோடு தொடர்புள்ள ஐந்து பகுதிகளில் செயல்பாடு குறைந்தது.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற கதைதானே? போனில் கார்ட்டூன் போதாதா?

அடிப்படை அதேதான். ஆனால் போன் பார்க்கிற பிள்ளைக்கு ஓரக்கண்ணில் கட்டுப் பிரிக்கும் கத்தரிக்கோல் தெரியும், கை தானாகச் சுருங்கும். கண்ணாடி அதை மறைத்துவிடுகிறது. 2000-ல் வெளிவந்த ஆய்வில், இரண்டு பதின்வயதினருக்கு நிண்டெண்டோ விளையாட்டைவிட வி.ஆரில் வலி நன்றாகக் குறைந்தது.

எந்த ஹெட்செட் வாங்கலாம்?

உங்கள் பிசியோவைக் கேளுங்கள். கையை மட்டும் மடக்கியே வைக்காதீர்கள்.

வலி ஓர் எச்சரிக்கை. அதை மறைத்துக் கையை இழுத்தால் புதுத்தோல் கிழியாதா?

நல்ல கேள்வி. எவ்வளவு இழுக்கலாம் என்பதை நோயாளியின் முகத்தை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை. தோல் வெளுக்கிறதா, தழும்பு எங்கே கயிறு மாதிரி விறைக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்போம். வெளுத்ததும் நிறுத்திப் பிடிப்போம். அக்குளில் வெந்தவர் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பார், அதுதான் அவருக்குச் சுகம். அப்படியே விட்டால் தோல் இறுகி, பிறகு சட்டை போடக்கூடக் கை தூக்க முடியாது.

அப்படியென்றால் கண்ணாடி போட்டால் கை கூடுதலாக உயர வேண்டுமே?

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2009-ல் வெளிவந்த சியாட்டில் ஆய்வில் 39 பேர். பயிற்சியில் வலி கணிசமாகக் குறைந்தது. மூட்டு அசைவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கையை உயர்த்துவது பயிற்சிதான். வலி குறைந்தால் நாளைக்கும் பயிற்சிக்கு வருவார்கள், எனக்கு அது பெரிய விஷயம். ஒரு பெரியவர் சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் தினமும் சாக்பீஸ் கோடு போடுவார். நேற்றைய கோட்டைத் தொடாத நாளில்கூட மறுநாள் வந்து நின்றார்.

அப்போ வலி மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. வி.ஆர். மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது.

முகம் வெந்தவர்கள் எப்படி மாட்டுவார்கள்?

தலையில் மாட்டவே தேவையில்லை. அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கண்ணாடியை ஒரு தாங்கியில் பொருத்தி, கண் முன்னே நிறுத்தினார்கள்.

ஹெட்செட் மாடல் சொல்லுங்களேன்?

மேலே சொல்லிவிட்டேன். இந்தக் கேள்வி நான்காவது முறை வருகிறது. அந்தப் பணத்தில் முதலில் ஸ்பிளின்ட்டும் (மூட்டை அசையாமல் பிடித்து வைக்கும் பட்டை) பிரஷர் கார்மென்ட்டும் (தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்கமான உடை) வாங்குங்கள்.

அம்மாவுக்குத் தோல் ஒட்டி மூன்று நாள். இன்றே கண்ணாடி போட்டுப் பயிற்சி தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஒட்டிய தோல் பிடிக்க வேண்டும். சர்ஜன் சொல்லும்வரை அந்தக் கையை அசைக்காதீர்கள், ஸ்பிளின்ட்டைக் கழற்றாதீர்கள்.