பொறியியல் வகுப்பில் கிறிஸ்தவ விசுவாசம்: கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து விரிவுரையாளர் ஒருவர்: சேர், கட்டமைப்புப் பாடத்தில் விசுவாசத்தை எங்கே சேர்ப்பது? இப்போதைக்கு முதல் சிலைட்டில் ஒரு வசனம் போடுகிறேன்.

பதில்: அதை எடுத்துவிட்டுக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். புது வீட்டுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஆள் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் என்கிறது உபாகமம் 22:8. அதை மாடிக் கைப்பிடிக் கணக்காக்குங்கள். கிடைச்சுமை மீற்றருக்கு 0.74 கிலோநியூட்டன், உயரம் 1.1 மீற்றர், தூண் இடைவெளி 1.5 மீற்றர். தூணின் அடியில் திருப்பம் 1.22 கிலோநியூட்டன் மீற்றர். போல்ட் வரிசையின் நெம்புதூரம் 100 மில்லிமீற்றர் என்றால் இழுவை 12.2 கிலோநியூட்டன். பிள்ளைகள் குழாயைச் சரியாகப் போட்டுவிட்டுப் போல்ட்டை மறந்துவிடுவார்கள். சிலாப் விளிம்புக்குக் கிட்டப் போட்ட போல்ட் கொங்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். நிலாவெளி உப்புக்காற்றில் துரு அடித்தகட்டின் கீழே பிடிக்கும், வெளியே தெரியாது.

இரண்டாம் பகுதி: செலவைக் குறைக்கத் தூண் இடைவெளியை 2.5 மீற்றராக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர், தூணும் போல்ட்டும் மாறாது. அவருக்குப் பதில் கடிதம் எழுதவும். இழுவை 20 கிலோநியூட்டனைத் தாண்டுவதைக் காட்டி மறுத்தால் முழுப்புள்ளி. வசனம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதே புள்ளிதான். விசுவாசத்துக்குப் புள்ளி போடாதீர்கள்.

பாலையூற்று மாணவி: நடந்த விபத்து ஒன்று சொல்லுங்கோ சேர்.

பதில்: அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹயட் ரீஜென்சி ஹோட்டல், 1981 யூலை 17, தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த வடிவமைப்பை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் மேல் நடைபாதையைத் தாங்கிய வளையின் (beam) கீழிருந்த நட்டின்மேல் கீழ்த்தளச் சுமையும் ஏறி இரட்டிப்பானது. இரண்டையும் கரும்பலகையில் வரைந்து, மாற்றத்தை யார் சரிபார்த்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். நேர்மை பற்றிய பிரசங்கம் தேவையில்லை.

தம்பலகாமத்திலிருந்து: வகுப்பை ஜெபத்தோடு தொடங்கலாமா?

பதில்: அரச பல்கலைக்கழகத்தில் வேண்டாம். நாலு சமயப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பு.

மூதூரிலிருந்து: 1 இராஜாக்கள் 7:23இல் சாலொமோன் ஆலயத்தின் வட்டமான வெண்கலத் தொட்டிக்கு விட்டம் 10 முழம், சுற்றளவு 30. பை (π) 3 என்கிறதே வேதம்?

பதில்: முழக்கயிற்றால் அளந்து முழு எண்ணில் சொன்ன அளவு. வித்தியாசம் 4.5 வீதம். அளவீட்டுப் பிழை பாடத்துக்கு நல்ல உதாரணம், அவ்வளவுதான்.

மீண்டும் மூதூர்: 26ஆம் வசனத்தில் தொட்டிச் சுவரின் கனம் நாலு விரற்கடை என்றிருக்கிறதே. சுற்றளவு உள்விட்டத்துக்கு என்றால் சரியாக வருமே?

பதில்: தம்பி, நாலு விரற்கடை ஒரு கை அகலம், முழத்துக்கு ஆறு கை அகலம் என்று எடுத்தால் உள்விட்டம் 9.67, சுற்றளவு 30.4. கிட்ட வருகிறது, சரியாக வரவில்லை. விடை தெரிந்தபின் அளவைத் தெரிவுசெய்வதை ஆய்வுகூடத்தில் என்னவென்று சொல்வோம்? வேதத்தைக் காப்பாற்ற என்று தரவை வளைக்கப் பழக்கினால் அந்தப் பிள்ளை நாளைக்குச் கொங்கிரீட்டின் சிலம்ப் (slump) பரிசோதனை அறிக்கையையும் வளைக்கும்.

உப்புவெளி விரிவுரையாளர்: அப்போ அந்த வசனத்தை வகுப்பில் தொடவே வேண்டாமா?

பதில்: தொடுங்கள். 10 முழம் என்றால் ±0.5 முழம். அந்த எல்லைக்குள் சுற்றளவு 29.8இலிருந்து 33.0 வரை வரும், 30 உள்ளே இருக்கிறது. இதைப் பிள்ளைகளே கணக்கிடட்டும்.

கிண்ணியாவிலிருந்து: முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?

பதில்: அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்தே குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. லேவியராகமம் 19:36 கேட்பதும் சரியான நிறைகல்லைத்தான். கைப்பிடிக் கணக்கு அப்படியே இருக்கட்டும்.

சாம்பல்தீவிலிருந்து: ஜெபத்தோடு தொடங்கினால் என்ன பிழை?

பதில்: மேலே தம்பலகாமத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். ஜெபத்துக்குப் புள்ளி போடவும் வேண்டாம்.