ஊசிப்போன புளிசாதம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 24 வயது. பெங்களூரில் வேலை. மே மாதத்தில் 10 நாள் லீவு போட்டுச் சென்னைக்கு வந்தேன். தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். அதே வாரத்தில் அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள். சித்தி குடும்பத்தையும் சேர்த்து 11 பேர், எழும்பூரிலிருந்து காலை ரயிலில் மயிலாடுதுறை போனோம். 4 நாளில் திருக்கடையூர், தரங்கம்பாடி, பூம்புகார், வைத்தீஸ்வரன்கோயில், சிதம்பரம் எல்லாம் பார்த்தாயிற்று. பிச்சாவரம்தான் விட்டுப்போனது. வாழ்க்கையிலேயே இவ்வளவு சிரித்த கோடை எனக்கு இருந்ததில்லை.

திரும்பி வந்ததும் 40 பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. பயணக்கட்டுரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? கூடவே இரண்டு சின்னக் கேள்விகள். ஆயிரம் பிறை கண்டவர் என்பது சும்மா சொல்வதா, கணக்கு உண்டா? குழந்தைக்கு நட்சத்திரப் பிறந்தநாளா, தேதிப் பிறந்தநாளா என்று வீட்டில் பெரிய சண்டை, எது சரி?

முதல் நாள் எழுதியதை இணைத்திருக்கிறேன். ஆகஸ்டில் பாட்டி பிறந்தநாளுக்கு ராமேஸ்வரம் போகிறோம். அதையாவது ஒழுங்காக எழுத வேண்டும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது கட்டுச்சோற்றைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோடை வந்தால் பார்க்கிறவர்களெல்லாம் ரயில் சாப்பாட்டைத் திட்டுகிறார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்றால், "இந்த வெயிலில் தாங்காது" என்கிறார்கள். அக்னி நட்சத்திரம் என்னவோ போன வருஷம்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது போல. இதே வெயிலில் மாட்டுவண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போனவர்கள் வழியில் எதைச் சாப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவே சராசரியாக 29.53 நாள். ஆயிரம் முறை என்றால் 29,530 நாள். வருஷமாக்கினால் 80 வயதும் ஏறக்குறைய 10 மாதமும். சதாபிஷேகத்தை வீட்டுக்கு வீடு ஓரிரு மாதம் முன்னே பின்னே வைப்பார்கள், அதற்காகச் சந்திரன் கோபித்துக்கொள்ளாது. குழந்தைக்கு நட்சத்திரத்தன்று கோயில், தேதியன்று கேக், தீர்ந்தது வழக்கு. அவளுக்கு இரண்டுமே நினைவிருக்கப்போவதில்லை. பிச்சாவரம் ஓடிவிடாது. மே மாத மத்தியானத்தில் அந்தப் படகில் உட்காராமல் தப்பித்தீர்கள்.

இனி நீங்கள் அனுப்பிய பக்கங்கள். தரங்கம்பாடிக் கோட்டை 1620இல் டேனியர்கள் கட்டியது, 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள் என்று முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சரியான தகவல்தான். யார் வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் தேடி எடுத்துக்கொள்ளக்கூடிய தகவலும்கூட. அதற்கு முந்தைய பக்கத்தின் ஓரத்தில் இது இருக்கிறது:

"அம்மா ராத்திரி 11 மணிக்குச் சாதம் வடித்துச் செய்த புளிசாதம், கொள்ளிடம் பாலம் தாண்டித் திறந்தபோது ஊசிப்போயிருந்தது. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடியில் வெள்ளைக் கட்டிகள், பிட்டால் நூல் விட்டது. அம்மா சொதப்பல். தூக்கோடு கொட்டிவிட்டு மயிலாடுதுறையில் ஓட்டலில் சாப்பிட்டோம்."

"அம்மா சொதப்பல்." இதை எழுத உங்களுக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? மற்ற 10 பேரும் பெட்டி கட்டிவிட்டுத் தூங்கியதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், நான்கு வரி தள்ளி. இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தச் சாதம் ஏன் ஊசிப்போனது என்று ஒருவர்கூட அந்த ரயிலில் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மூடியில் தண்ணீர் நின்றது என்றீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சூட்டோடு தூக்கில் அடைத்து மூடியிருக்கிறார். ஆவி மூடியில் முட்டித் தண்ணீராகிச் சாதத்தின் மேலேயே சொட்டும். மேல் சாதம் நனையும், நடுச் சாதம் விடிய விடிய வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ. அவ்வளவும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைத்துப் பெருகும். அது சாதத்தில் விடுகிற ஒருவகை நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. கொட்டியது ஒன்றுதான் நீங்கள் செய்த சரியான காரியம்.

புளி போட்டும் ஏன் கெட்டது? அடியில் வெள்ளைக் கட்டி நின்றதே, அதனால். நல்ல புளிப்பு ஏறிய சோற்றில் இந்தக் கிருமிக்கு வளர வழியில்லை. புளி படாத கட்டி அதற்குத் தனி வீடு. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், சூடான சாதத்தை உடைக்காமல் புளிக்காய்ச்சலை மேலே ஊற்றி இரண்டு கிளறு கிளறினால் அடியில் கட்டி நிற்கத்தான் செய்யும். கட்டுச்சோற்று மூட்டைக்குள் பெருச்சாளியையும் சேர்த்துக் கட்டியது போல என்று பழமொழி சொல்வார்கள். சூட்டோடு மூடினால் பெருச்சாளி உள்ளேயே இருக்கிறது.

கட்டுச்சோற்றில் முக்கால்வாசி வேலை ஆற வைப்பதுதான். சமையல் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

புளிக்காய்ச்சலைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடலாம், ருசியும் கூடும். ஒரு கிலோ பச்சரிசிக்குப் பழைய புளி 200 கிராம். புதுப் புளியில் நிறம் ஏறாது. முக்கால் லிட்டர் வெந்நீரில் அரைமணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். அடிகனமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் கால் லிட்டர். ஆமாம், கால் லிட்டர். முகத்தைச் சுளிக்காதீர்கள், எண்ணெயும் உப்பும்தான் அதைத் தாங்கவைக்கின்றன. கடுகு, கடலைப்பருப்பு, 10 காய்ந்த மிளகாய், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளோடு புளிக்கரைசலை ஊற்றி, கல் உப்பு 50 கிராம் போட்டுச் சிறுதீயில் விடுங்கள். கல்சட்டி இருந்தால் உத்தமம், எவர்சில்வரும் போதும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், புளி இரண்டையும் அரிக்கும்.

அரைமணியோ முக்கால் மணியோ, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், எண்ணெயைப் பாருங்கள். முதலில் கொதி சத்தமாகத் தெறிக்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கிக் குமிழ் பெரிதாகும். கரண்டியால் இழுத்தால் அடி தெரிந்து, மெதுவாக மூடிக்கொள்ளும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதற்கு முன் இறக்கினால் பச்சைவாசனையும் போகாது, மூன்றாம் நாள் பூசணமும் பூக்கும். இறக்கியபின் நெல்லிக்காயளவு வெல்லம், பிறகு வறுத்துப் பொடித்த பொடி: மல்லி 4 பெரிய ஸ்பூன், எள் 3, வெந்தயம் 1, மிளகாய் 15. வெந்தயம் செம்பொன் நிறத்தைத் தாண்டிவிட்டால் மொத்தமும் கசந்துபோகும், மீட்க வழியில்லை. பொடியை அடுப்பில் இருக்கும்போதே கொட்டுகிறவர்கள் உண்டு. அடியில் பிடித்துக் கருகும். வேர்க்கடலையைத் தனியே வறுத்து டப்பாவில் வைத்து, சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள். முன்பே சேர்த்தால் நமுத்துவிடும்.

சாதம் கிளம்புகிற அன்று விடியற்காலையில்தான். குக்கரில் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். வடிக்கிற வீடானால் கஞ்சி சொட்டு நிற்கும்வரை கவிழ்த்து வையுங்கள். இரண்டு பெரிய தாம்பாளத்தில் கொட்டி, சுடுசாதத்தின் மேலேயே நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறிப் பரப்புங்கள். மின்விசிறிக்கடியில் வைக்கலாம், குற்றமில்லை. கை பொறுக்கும் சூடு வந்ததும் காய்ச்சலைப் போட்டு, காய்ந்த கையால் ஒரு வெள்ளைப் பருக்கை இல்லாமல் பிசிறிவிட்டு, மறுபடியும் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். இந்த இரண்டாவது ஆற்றலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புறங்கையைச் சாதத்தில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. பிறகு பொட்டலம். வாழையிலையின் நடு நரம்பைச் சீவி, தணலில் காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம். செய்தித்தாளின் மை சோற்றில் படக்கூடாது. ஒரே தூக்கில் அடைத்தால் ஒன்று கெட்டால் அத்தனையும் போச்சு.

நீங்கள் தூக்கைத் திறந்த இடத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அதன் பக்கத்தில்தான் திருக்குருகாவூர். சுந்தரரும் அடியார்களும் பசியோடு வர, சிவன் வேதியராகப் பந்தல் போட்டுக் காத்திருந்து பொதிசோறும் தண்ணீரும் கொடுத்தார் என்பது தலவரலாறு. அத்தனை பேருக்குப் போட்ட சோறு ஊசிப்போனதாகத் தகவல் இல்லை. ஐந்து ஊர் பார்த்த நீங்கள் இந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தயிர்சாதம் வேறு கணக்கு. அதைத் தயிர் ஊற்றிப் பிசைந்து எடுத்துப்போனால் 10 மணிக்கே பல் கூசும். அரைக்கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சின பால் ஒரு லிட்டர் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் இரண்டே பெரிய ஸ்பூன் புளிக்காத தயிர். சாப்பிடும் நேரத்துக்குள் அது தானே தோய்ந்துவிடும். கொதிக்கக் கொதிக்கத் தயிரைப் போட்டால் உறை செத்துவிடும். பிறகு அது வெறும் பால்சோறு, புளிசாதத்தைவிடச் சீக்கிரம் கெடும். வெள்ளரியும் வெங்காயமும் வேண்டாம், தண்ணீர் விடும். தேங்காய்ச் சட்னியைப் பற்றி நான் பேசவே மாட்டேன். கோடையில் அதை ரயிலேற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இப்போது மணியைக் கூட்டிப் பாருங்கள். வீட்டைவிட்டு 6 மணிக்குக் கிளம்பினீர்கள். சோறு வேக அரைமணி, முதல் ஆற்றல் அரைமணி, பிசிற 10 நிமிஷம், இரண்டாம் ஆற்றல் முக்கால் மணி, 11 பொட்டலம் கட்ட 20 நிமிஷம். அடுப்பு 3:45க்கே எரிய வேண்டும். இதை உங்கள் அம்மா அறியாதவரா? ஒற்றை ஆளாகச் சமைத்து, தன் பெட்டியையும் கட்டி, குழந்தைக்கு வேண்டியதையும் எடுத்துவைத்து, 3:30க்கும் எழுந்திருக்க உடம்பு இடம் கொடுக்காது என்று தெரிந்துதான் 11 மணிக்கே முடித்துவிட்டுப் படுத்தார். அது சமையல் தெரியாமல் வந்த பிழை இல்லை. 11 பேர் இருந்த வீட்டில் வேலை 11 ஆகப் பிரியவில்லை.

ராமேஸ்வரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். புளிக்காய்ச்சல் உங்கள் பொறுப்பு. முதல்முறை புகை மண்டும், பரவாயில்லை, பெருங்காயத்தைக் கரியவிட்டுவிடாதீர்கள். இலை வாட்டுவது அப்பா. சாதம் பரப்பிக் கிளறுவது அண்ணன், அவர் கைக்குத்தான் தாம்பாளம் அடங்கும். பொட்டலம் சித்தப்பாவும் சித்தி மகனும். ராத்திரி வண்டியானால் இன்னும் சுலபம்: சாயங்காலம் இட்லி அவித்து ஆறவைத்து, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி நான்கு நான்காக இலையில் மடித்தால் ராத்திரிக்கும் ஆயிற்று, மறுநாள் காலைக்கும் ஆயிற்று. பாம்பன் புதுப்பாலத்தில் ரயில் போகும்போது எல்லோர் கையும் காலியாக இருந்தால்தானே கடலைப் பார்க்க முடியும். அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு.

பயணக்கட்டுரை பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அந்த ராத்திரி 11 மணிக்கு அடுப்படியில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டு, அங்கிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். கோட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சலைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பெங்களூருக்கு எடுத்துப்போங்கள். மேலே எண்ணெய் ஒரு விரல் உயரம் நிற்கட்டும். ஈரக் கரண்டி போடாதீர்கள்.