உரிமைத் தொகையும் ஒத்தி வீடும்: எதை அளக்கலாம்?

மதுரைக் கல்லூரி ஒன்றில் சமூகப்பணி முதுகலை பயிலும் வாசகி ஒருவரின் கேள்வி: “கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், அரசு வீடு ஆகியவை வறுமையையும் குடும்ப வன்முறையையும் குறைத்தனவா என்று ஆய்வேட்டில் அளக்க விரும்புகிறேன். ஒரு பருவமே கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?”

மூன்று திட்டங்களையும் ஒரு பருவத்தில் அளக்க முடியாது. உரிமைத் தொகை 15.9.2023 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கியதால், தொகை வந்த ஊரை வராத ஊரோடு ஒப்பிட வழியில்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களும், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பங்களும் தகுதி பெறவில்லை. ஆகவே பெறுபவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டால், ஏழையையும் வசதி உள்ளவரையும் ஒப்பிட்டதாகவே முடியும். அந்த வேறுபாட்டுக்கும் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்கும் தொடர்பு இருப்பதாக எழுதுவது பிழை.

வன்முறைக்கு மாவட்ட அளவிலான எண்ணைத் தேடியும் அலைய வேண்டாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அக்கேள்விகள் ஒரு சிறு மாதிரிக் குடும்பங்களில் மட்டுமே கேட்கப்பட்டன என்பதால் மதுரைக்கெனத் தனி எண் கிடையாது. அனைத்து மகளிர் காவல் நிலையப் புகார்களின் எண்ணிக்கை வன்முறையின் அளவுகோல் ஆகாது. புகார் கூடுவது, துணிந்து வந்தவர்கள் கூடியதாலும் இருக்கலாம்.

என் பரிந்துரை, வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. அடிபட்ட பெண் வெளியேறுவதா இருப்பதா என்ற முடிவில், போக்கிடம் உண்டா என்பது பெரும்பங்கு வகிக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிரதமர் வீட்டுவசதித் திட்டமோ, வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நம் ஊரில் எளிய குடும்பங்கள் பல ஒத்தி வீட்டில், அதாவது மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வெளியேறும்போது திரும்பப் பெறும் ஏற்பாட்டில், இருக்கின்றன. மனைவியின் நகையை அடகு வைத்தும் மகளிர் குழுவில் கடன் எடுத்தும் திரட்டிய ஒத்திப் பணத்துக்குக் கணவர் பெயரில் பத்திரம் எழுதப்பட்டால், பிரியும்போது அந்தப் பணத்தை அவள் கேட்டு வாங்குவதற்கு என்ன வழி? இதுவே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. ராஜாக்கூர் போல நகருக்கு வெளியே அமைந்த அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றையும், நகருக்குள் ஒத்தி வீடுகள் நிறைந்த தெரு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கீட்டு ஆணையோ பத்திரமோ யார் பெயரில் உள்ளது, பணம் யாருடையது, தாய்வீடு எவ்வளவு தொலைவு என்று கேளுங்கள். சில குடும்பங்களிடம் ஆழமாகக் கேட்டாலே போதும்; விழுக்காடு போடாதீர்கள்.

கேட்கும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனியிடத்தில் பேசுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் ‘குடியிருப்பு வசதி ஆய்வு’ என்றே சொல்லுங்கள், ஆனால் பதில் தரும் பெண்ணிடம் முழு நோக்கத்தையும் கூறிச் சம்மதம் பெறுங்கள். கணவரோ மாமியாரோ வந்தால் பேச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாயால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். அச்சிட்ட தாளைக் கையில் திணித்தால் அதுவே அன்றிரவு அவளுக்கு ஆபத்தாகலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்களுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலரைச் சந்திக்க மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கான கடிதத்தைத் துறைத் தலைவரின் கையொப்பத்துடன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வரும் வரை எந்த வீட்டின் கதவையும் தட்ட வேண்டாம்.